இருபத்தாறு எழுத்து

பத்திரிகையில் வேலை பார்க்கிறவனுக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு அவன் கட்ட வேண்டிய வரியும் உண்டு. கல்யாணமா, வாழ்த்துப் பா எழுது. காதுகுத்தா, அழைப்பிதழுக்கு வாசகம் சொல்லு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, மாநகராட்சிக்கு மனு எழுது. "உங்களுக்கென்ன ஸார், அஞ்சு நிமிஷ வேலை!" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் தூக்கம் கெட்ட இரவுகள் எத்தனை என்று என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

ஆனால் போன மாதம் வந்த வேண்டுகோளைப் போல இதுவரை ஒன்று வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, வாசலில் அடுத்த வீட்டு டீச்சரம்மாவின் குரல் கேட்டது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததே கிடையாது. கிறிஸ்மஸ் சமயமானால் கேக், மற்ற நாளில் கொல்லை முருங்கைக்காய் என்று ஏதாவது இருக்கும். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது.

"தம்பி, வருகிற மாசம் அவருக்கு வருஷம் திரும்புது. கல்லு வைக்கணும். அதிலே நாலு வரி கவிதையாப் போட்டா நல்லா இருக்கும்னு பிள்ளைங்க சொல்றாங்க. நீங்க எழுதித் தரணும்."

கையிலிருந்த காப்பி ஆறிப் போயிற்று. கல்யாண வாழ்த்தில் தப்பு வந்தால் பந்தி முடிவதற்குள் மறந்துவிடுவார்கள். பத்திரிகையில் தப்பு வந்தால் அடுத்த வாரம் வருத்தம் தெரிவித்துக்கொள்ளலாம். கல்லில் வருகிற தப்புக்கு அடுத்த வாரம் ஏது?

"வசனம் போடுவீர்கள் இல்லையா, டீச்சர்? அதுவே போதுமே" என்று நழுவப் பார்த்தேன்.

"வசனம் எல்லாருக்கும் பொது, தம்பி. அது மேலே இருக்கட்டும். கீழே அவருக்கு மட்டும் உள்ளதா ஒண்ணு வேணும். சின்னவனுக்குக் குழந்தை பிறந்திருக்கே, அவர் போய் ஆறு மாசம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. அதுக்குத் தாத்தா யாருன்னு இந்தக் கல்லுதானே சொல்லணும்?"

புறப்படும்போது, கணக்கு டீச்சருக்கே உரிய முறையில் ஒரு நிபந்தனையும் போட்டார்: "ரொம்ப நீளம் வேண்டாம். பாதிக் கல்லு காலியா இருக்கணும். எனக்கு இடம் வேணும்."

கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இட நெருக்கடி. ஒரே குடும்பத்துக் கல்லறையை மறுபடியும் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்வதும், ஒரே கல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர் சேர்ப்பதும் அங்கே வழக்கம். எனக்கு அது தெரியும். இருந்தாலும், பஸ்ஸில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பதுபோல் அவ்வளவு சாதாரணமாக அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

* * *

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். டீச்சரின் கணவர் பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எனக்கு அவரைப் பத்து வருஷமாகத் தெரியும். ஆனால் அவர் பேசிக் கேட்டது குறைவு. வேலி ஓரமாக நின்று, "என்ன தம்பி, ஆபீஸா?" என்பார். "ஆமாம்" என்பேன். எங்கள் சம்பாஷணை அவ்வளவுதான்.

தெரியாத மனிதரைப் பற்றி எழுதும்போது அடைமொழிகள் தாமாக ஓடி வரும். அது எங்கள் தொழில் ரகசியம். எட்டு வரிகள் எழுதி முடித்தேன். தொடக்கம் இப்படி:

*அன்பின் இமயமே! அறத்தின் சிகரமே!*
*பண்பின் உறைவிடமே! பாசத்தின் பெட்டகமே!*

எதுகை இருந்தது, மோனை இருந்தது. மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் முகத்தில் ஒரு களை இருக்குமே, அது தெரிந்தது.

"நல்லா இருக்கு, தம்பி. ஆனா ஃபிட்டர் வேலை பார்த்த மனுஷருக்கு எதுக்கு இத்தனை மலை?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த எட்டு வரிகளை எடுத்துப் பக்கத்துக் கல்லறையில் வைத்தாலும் பொருந்தும்; அதற்கடுத்த கல்லறையில் வைத்தாலும் பொருந்தும். அப்படியானால் அது யாருடைய கவிதை?

* * *

கல்வெட்டுகிறவரையும் போய்ப் பார்த்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. என் கவிதையைக் கொடுத்ததும் பென்சிலால் புள்ளி வைத்து எண்ண ஆரம்பித்தார். அவர் சொன்ன தொகைக்கும் என் தொகைக்கும் ஒத்து வரவில்லை.

"பெரியவரே, 'கொ' என்பது ஒரு எழுத்துத்தானே? மூன்றாக எண்ணுகிறீர்களே?"

"கொம்பு ஒண்ணு, எழுத்து ஒண்ணு, கால் ஒண்ணு. மூணுக்கும் தனித்தனியாத்தானே உளி பிடிக்கணும்? உங்க இலக்கணமா வந்து கொத்தப் போவுது?"

மெய்யும் உயிரும் சேர்ந்தால் ஓர் எழுத்து என்று நம் இலக்கண ஆசிரியர்கள் சொன்னதெல்லாம் அந்தப் பட்டறையில் எடுபடவில்லை. "புள்ளிக்குக் காசு வேண்டாம்" என்று மட்டும் இரக்கம் காட்டினார். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பல இடங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. அந்தச் சிற்பிகளும் இவரைப்போல உளியின் பக்கம் நின்றவர்கள்தானோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கொம்புக்கும் காலுக்கும் காசு என்று ஆனபிறகு, சொல்லைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. "இமயம் வேண்டுமா? சிகரம் இருக்கிறதே, இமயம் எதற்கு? இரண்டும் எதற்கு?" என்று காய்கறிக் கூடைக்காரியிடம் பேரம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லோடும் பேரம் பேசத் தோன்றுகிறது. இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் யார் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

* * *

கல்லில் நாலு வார்த்தை எழுதி வைப்பது வெளிநாட்டு வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லவே இல்லை. போரில் விழுந்தவனுக்கு நடுகல் எடுக்க, கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமே முறை வகுத்திருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு சில நடுகற்கள் கிடைத்தன. எல்லாம் பழைய தமிழ் பிராமி எழுத்து. அவற்றில் ஒன்று சொல்வது இவ்வளவுதான்: கூடலூரில் மாடு கவர்ந்த சண்டையில் விழுந்த தீயன் அந்தவனின் கல் இது. ஊர், சண்டை, பெயர், முடிந்தது. ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 'வீர சிம்மமே' என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்தவன் இன்னும் நம்மோடு இருக்கிறான்.

இன்னொன்று கேளுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே உண்டு. ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரனின் உருவம். பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறது. நாய்க்குப் பெயர் போட்டதோடு, எத்தனை பேரைக் கடித்தது என்ற கணக்கும் போட்டிருக்கிறார்கள்! 'நன்றியுள்ள நாய்' என்று எழுதியிருந்தால் அது ஆயிரம் நாய்களில் ஒரு நாயாகப் போயிருக்கும். 'இரண்டு பேர்' என்ற கணக்கினால் அல்லவா, ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து அதன் பெயர் இந்தப் பக்கத்தில் அச்சாகிறது?

எழுத்துக்குக் காசு என்பதற்கும் பெரிய வரலாறு இருக்கிறது. நம் சென்னையில் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று 1952-ஆம் ஆண்டு அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 856 பேர் அங்கே உறங்குகிறார்கள். ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். புல்வெளியும் பூச்செடியுமாக அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. இருபதும் இருபத்திரண்டுமாக வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் கொஞ்ச தூரத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. பல கற்களின் அடியில் வீட்டார் தந்த வரி ஒன்று இருக்கிறது.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையம் 1917-இல் பிரிட்டனில் தொடங்கியது. முதல் உலகப் போரில் மாண்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். "கல்லின் அடியில் உங்கள் வரி ஒன்று போடலாம். சொல்லுக்கு நடுவே விடும் இடத்தையும் சேர்த்து 66 எழுத்துக்கு மேல் கூடாது. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ்." 66 எழுத்தையும் நிரப்பினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு. கூலி வேலை செய்கிற வீட்டில் அது சாதாரணப் பணமா? பிறகு, கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தால் போதும் என்று தளர்த்தினார்கள். நியூஜீலந்து அரசாங்கம் மட்டும் இந்த வரியே வேண்டாம் என்றது. ஒரு கல்லில் இருந்து இன்னொரு கல்லில் இல்லாவிட்டால் சமத்துவம் போய்விடும் என்பது அவர்கள் கட்சி.

அந்தப் படிவத்தைச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் கவிஞர்கள் அல்லர். பலர் அந்தக் கல்லைக் கண்ணால் பார்க்கப் போவதும் இல்லை. எங்கோ கடல் கடந்து கிடக்கிறது. இருபது வருஷம் வளர்த்த பிள்ளையை 66 எழுத்தில் சொல்லு என்றால் என்ன செய்வாள்?

அந்த ஆணையத்துக்குச் சொற்களில் ஆலோசனை சொன்னவர் யார் தெரியுமா? பிரபல எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். அடையாளம் தெரியாத வீரர்களின் கல்லில், இவன் யாரென்று கடவுளுக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு சிறு வாசகம் இருக்கும். அது அவர் தேர்ந்து தந்தது. அவருடைய ஒரே மகன் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் காணாமல் போனான். வயது 18. கிப்ளிங் 1936-இல் கண்ணை மூடும்வரை மகனின் கல்லறை இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் எழுதித் தந்த வாசகம் அவர் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

* * *

நிறைய எழுதினால்தான் மரியாதை என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு கல்லறைகளைக் காட்டுகிறேன்.

ஷாஜஹானின் மகள் ஜஹானாரா. தாயும் தகப்பனும் தாஜ் மஹாலில் இருக்கிறார்கள். 1681-இல் இறந்த இந்த இளவரசி மட்டும் டில்லியில், நிஜாமுத்தீன் அவுலியா தர்காவின் வளாகத்தில், திறந்த வானத்தின்கீழ் இருக்கிறாள். சுற்றிலும் சலவைக்கல் தடுப்பு. மேலே கூரை இல்லை. கல்லறையின்மேல் மண்ணும் பசும்புல்லும். அவளே இயற்றியதாகச் சொல்லப்படும் பாரசீக வரிகள் தலைமாட்டில் உள்ளன. என்னைப் போன்ற எளியவளுக்குப் புல் போர்த்தினால் போதும் என்பது அதன் கருத்து. அவ்வளவு விலை உயர்ந்த கல்லறையைக் கட்டியவனின் மகள் கேட்டுக்கொண்டது புல்!

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1821-இல் ரோமாபுரியில் க்ஷயரோகத்தில் இறந்தார். வயது இருபத்தைந்து. தம் பெயர் நீர்மேல் எழுத்து என்ற கருத்தில் ஒரே வரி போதும், பெயர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நண்பர்களுக்கு மனம் கேட்கவில்லை. அவருடைய விரோதிகள்மேல் உள்ள கோபத்தை எல்லாம் சேர்த்து, அந்த வரிக்கு முன்னால் பல வரிகள் ஏற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் அதற்காக வருந்தினார். வருந்தி என்ன பயன்? கல் கல்தானே! இறந்தவர் சொன்னது ஒன்று, இருந்தவர்களின் ஆத்திரம் சொன்னது ஒன்பது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜி.யு.போப் தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார் என்று மேடைப் பேச்சுகளில் கேட்டிருப்பீர்கள்; நானும் கேட்டுக் கை தட்டியிருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. என்ன இருக்கிறது என்றால், அவர் பெயருக்கு அடுத்தபடியாகத் 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்று இருக்கிறது. குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்றும் இருக்கிறது. கனடா தேசத்துத் தீவில் பிறந்து 1908-இல் இங்கிலாந்தில் இறந்தவரின் ஊர் தென்னிந்தியா! இதைவிடவா அந்தக் கற்பனை வரி உசத்தி? உண்மையே இவ்வளவு அழகாக இருக்கும்போது நாம் ஏன் அதன்மேல் ஜிகினா ஒட்ட வேண்டும்?

* * *

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் நோட்டுப் புத்தகம் காலியாகத்தான் இருந்தது. நாள் நெருங்கிவிட்டது. ஒரு மாலை நானும் என் மனைவியும் டீச்சர் வீட்டுக்குப் போனோம்.

நான் பத்திரிகைக்காரன் தோரணையில், "அவருடைய குண விசேஷங்களைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தேன். "நல்ல மனுஷர்" என்றார் டீச்சர். "தெய்வ பயம் உள்ளவர்" என்றார். அப்புறம் மௌனம். குணத்தைக் கேட்டால் யாருக்குமே அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது.

என் மனைவி குறுக்கிட்டாள். "அதை விடுங்க டீச்சர். ராத்திரி சாப்பிட்டதும் என்ன செய்வார்?"

டீச்சரின் முகம் மாறியது. "என்ன செய்வார்! தட்டைக் கழுவி வைப்பார். எனக்கு மாத்திரை எடுத்துத் தருவார். அப்புறம் வாசல்லே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துப்பார். பதினொண்ணு ஆகும், சில நாள் பன்னிரண்டு ஆகும். 'உள்ளே வந்து படுங்களேன், கொசு பிடுங்குது'ன்னு நான் கத்துவேன்."

"அதுதான் உங்கள் வாசல் விளக்கு நெடுநேரம் எரியுமா?" என்றேன். வாரத்தில் இரண்டு நாள் இதழ் முடிக்கிற வேலை. நான் வீடு திரும்பும்போது நடு ராத்திரி ஆகிவிடும். தெரு விளக்கு பாதி நாள் எரியாது. டீச்சர் வீட்டு வாசல் விளக்கு வெளிச்சத்தில்தான் ஸ்கூட்டரை நிறுத்திப் பூட்டைத் திறப்பேன். 'மறந்துவிட்டார்கள், பாவம், மின்சாரக் கட்டணம் ஏறப் போகிறது' என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

"எங்க வீட்டிலே எல்லாரும் ஒன்பது மணிக்கே அடங்கிடுவோமே, தம்பி" என்றார் டீச்சர். "நீங்க வரணும். மாடியிலே நர்ஸ் பொண்ணு ஒண்ணு இருந்துதே, அது வரணும். கோடி வீட்டு டிரைவர் வரணும். 'தெருவே இருட்டாக் கிடக்குது, பிள்ளைங்க வந்து சேரட்டும்'பார். உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டப்புறம்தான் எழுந்து வந்து விளக்கை அணைப்பார்."

பத்து வருஷம். வாரத்துக்கு இரண்டு ராத்திரி. அவர் எனக்காக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அந்த மனிதரைத்தான் நான் இமயமே, சிகரமே என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, தலையைத் தூக்காமல் எழுதினேன்:

*எல்லோரும் வீடு வந்து சேரும்வரை வாசல் விளக்கை அணைக்காதவர்.*

டீச்சர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடைவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அப்புறம் பென்சிலை எடுத்து 'வந்து' என்ற சொல்லை அடித்தார்.

"'சேரும்வரை'ன்னா வந்துதானே சேரணும்? மூணு எழுத்து மிச்சம்."

கணக்கு டீச்சர் அல்லவா! 'எல்லோரும் வீடு சேரும்வரை வாசல் விளக்கை அணைக்காதவர்.' இலக்கணப்படி எண்ணினால் இருபத்தாறு எழுத்து. கல்வெட்டுகிறவர் கணக்கில், கொம்பும் காலும் சேர்த்து முப்பத்து நான்கு. இந்தத் தடவை நான் பேரம் பேசவில்லை.

* * *

இந்த வேலை உங்களுக்கும் ஒரு நாள் வரலாம். அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கல்லுக்கும் பொருந்துகிற சொல்லாக இருந்தால் அடித்துவிடுங்கள். 'எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். 'காலையில் எழுந்ததும் என்ன செய்வார்?' என்று கேளுங்கள். கூட இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று போதும். அதை அவரைப் பார்த்திராத குழந்தைக்கும் புரிகிறாற்போல் எழுதுங்கள். எழுதியதை வெயிலில் நின்று உரக்கப் படித்துப் பாருங்கள். அங்கே வருகிறவர்கள் அப்படித்தானே படிப்பார்கள்! உளி தொடுவதற்கு முன் பெயரையும் தேதியையும் இரண்டு பேர் சரி பார்க்கட்டும். பத்திரிகைக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்: தான் எழுதியதில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் படாது.

"எங்கள் வீட்டில் கல்லறை கிடையாதே, எரித்துக் கடலில் கரைத்துவிடுவோமே" என்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அன்று ராத்திரி என் மனைவி பரணிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துத் தேய்த்தாள். விளிம்பில் அவள் பாட்டியின் பெயர், புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் எழுத்துக்குக் காசு கொடுத்து வெட்டிய பெயர்தான் அதுவும். "பாட்டியைப் பற்றி ஒரு வரி சொல்லேன்" என்றேன். யோசிக்காமல் சொன்னாள்: "யார் வந்தாலும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்க மாட்டாள், இலையைப் போட்டுவிடுவாள்." அதை என் டைரியில் எழுதிக்கொண்டேன். கல் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக் கணக்கு நோட்டு இருக்கிறதே! அதைவிட ஒன்று: அந்த வரிக்கு உரியவர்கள் இப்போது உயிரோடு இருந்தால், அவர்கள் காதில் போட்டுவிடுங்கள். எனக்குத்தான் அந்த வாய்ப்புத் தவறிவிட்டது.

கல்லை வைத்த அன்று நாங்களும் போயிருந்தோம். கறுப்புக் கல். மேலே வசனம், பெயர், தேதிகள், அதன்கீழே அந்த ஒரு வரி. அதற்குக் கீழே பாதிக் கல் பளபளவென்று காலியாக இருந்தது. பாதிரியார் ஜெபம் செய்து முடித்ததும், டீச்சர் பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அருகே போய் எழுத்தின்மேல் அதன் விரலை வைத்துத் தடவினார். பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "இன்னும் ஒருத்தி வரணுமே. அதுவரைக்கும் அணைக்க மாட்டார்" என்றார்.

போன வாரம் இதழ் முடித்துவிட்டு வீடு திரும்ப மணி பன்னிரண்டே கால். தெரு விளக்கு வழக்கம்போல எரியவில்லை. டீச்சர் வீட்டு வாசலில் வெளிச்சம் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திப் பூட்டைத் திறந்தேன். உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்ட பிறகுதான், பக்கத்து வீட்டில் 'டிக்' என்று ஸ்விட்சு அணைகிற சத்தம் கேட்டது.